முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்கள்

எங்கள் தெருவில் கார் இல்லாத வீடுகள் இரண்டு. படகு இருக்கும் வீடு ஒன்றே ஒன்று. கார் இல்லாத இரண்டில் அதுவும் சேர்த்தி.

படகை வாங்கியவள் நான். பதினான்கடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டார். காருக்காகச் சேர்த்ததில் படகு வாங்கிவிட்டாள் என்று உறவினர்களிடம் சொல்லும்போது என் மாமியாரின் குரல் தணிந்துவிடும். என் கணவன் சூர்யநாராயணன் அப்படியெல்லாம் வருத்தப்படுகிறவன் இல்லை. "மத்தவங்க போரடிச்சா வேலைய ரிசைன் பண்ணுவாங்க. நீ படகு வாங்கிட்ட. பரவால்ல, சம்பளம் வருது" என்றான்.

அவன் சொன்னது சரிதான். நாள் முழுக்கப் பெருங்களத்தூர் வீட்டின் மாடியறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள். பெயரே வாயில் நுழையாத ஊர்களில் யாராவது ஒருவர் விடியற்காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆற்றில் போய்விடுகிறார். போன பிறகு மோட்டாரை எதில் கழுவினார், படகை யார் வீட்டு வாசலில் நிறுத்தினார் என்பதெல்லாம் அந்த நாவல்களில் வருவதில்லை.

எனக்கு வந்தது. உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உப்பு கட்டிவிடும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். படகை ஏற்றி வைக்கும் இரண்டு சக்கர வண்டியைத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் செய்து வாங்கினோம். அது எங்கள் வாசலைவிட நீளம். குப்பை வண்டி திரும்ப முடியவில்லை என்று புகார் வந்தது.

எங்கள் நகர் நலச்சங்கத் தலைவர் லக்ஷ்மிநாராயணன் சாருக்குத் தெருக்கோடியில் ஒரு காலி மனை உண்டு. புகாரை விசாரிக்க வந்தவர் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஃபைபரைத் தட்டிப் பார்த்தார். வெள்ளம் வந்தால் இது உதவுமா என்று கேட்டார். சில வருடங்களுக்கு முன் ஏரியைத் திறந்துவிட்டபோது வந்த பெரிய வெள்ளத்தில் எங்கள் தெருவின் கீழ்வீடுகள் எல்லாம் மூழ்கியவை. கண்டிப்பாக உதவும் என்று சொன்னேன். அன்று மாலையே படகு அவர் மனையில், தென்னை மரத்தடியில் நின்றது. ஒரே நிபந்தனை: ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை படகு தெருவைவிட்டு வெளியே போகக்கூடாது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். அப்போது சித்திரை மாதம். சித்திரையில் யாருக்கு மழை நினைவு வரும்?

கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் படகைக் குட்டி யானை மினி லாரியின் பின்னால் கட்டிக் கோவளம் பக்கம் கொண்டுபோவோம். அங்கே குப்பத்தில் கோபு என்ற மீனவர் படகை இறக்கிக் கொடுத்து, கூடவே வருவார். கடலை ஒட்டிய உப்பங்கழியில் போகப் போகத் தண்ணீர் அகலும். கடைசியில் ஒரு மணல்மேடு வந்து மறிக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் அலையின் சத்தம் கேட்கும், நுரை தெரியும். போக முடியாது. ஒவ்வொரு வாரமும் அந்த மணலில் படகின் மூக்கை முட்டிவிட்டுத் திரும்புவேன். கோபுவின் மனைவி பூவம்மாள் கரையில் மீன் கூடையோடு உட்கார்ந்து, "கடலப் பாக்கவா படகு வாங்கின? பஸ்ல வந்தாலும் இதே கடல்தான் கீது" என்பாள்.

மணல் எப்போது விலகும் என்று கோபுவிடம் கேட்டேன். மழை பெய்து மேல்தண்ணீர் இறங்கினால், கழி கடலில் சேரும் முகத்துவாரம் தானாக உடைந்து திறக்கும் என்றார். ஐப்பசியில் திறந்தால் மார்கழி வரை இருக்கும், தை பிறந்ததும் மூடிக்கொள்ளும்.

வீடு திரும்பும் வழியில்தான் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். வண்டியிலேயே தலையில் கைவைத்துக்கொண்டேன். சூர்யா அதைப் பார்த்துச் சிரித்தான்; அவன் முன்பே எண்ணியிருந்தான்.

ஐப்பசி பிறந்ததும், முகத்துவாரம் திறந்துவிட்டதாகக் கோபு ஃபோன் செய்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடச் சொல்லித் தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமியைக் கைகாட்டினார்கள். மாமி தனியாகக் கீழ்வீட்டில் இருப்பவர். அந்த வெள்ளத்தில் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பகல் முழுக்க நின்றவர். இப்போது தினமும் விளக்கேற்றியதும் தெருக்கோடி வரை நடந்துபோய், படகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார்.

"நீ ஜாலியா போயிட்டு வாம்மா, நான் வேண்டாங்கல. அன்னிக்குப் பாத்து ஏரியத் தொறந்துட்டா நான் யாரக் கூப்பிடுவேன், அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார் மாமி.

நான் போகவில்லை. அதன்பிறகு எந்தப் புத்தகமும் ஓடவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். வெயில் அடித்தால், ஒரு நல்ல நாள் வீணாகிறதே என்று எரிச்சல் வரும். மழை பெய்தால், முகத்துவாரம் இன்னும் அகலமாகியிருக்குமே என்று எரிச்சல் வரும். அலுவலகக் கூட்டங்களில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

தீபாவளிக்குக் கூடுவாஞ்சேரியில் அம்மா வீட்டுக்குப் போனோம். திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளும் விடவில்லை. காலையில் ஏரியின் உபரிநீரைத் திறப்பதாக டிவியில் சொன்னார்கள். வாசலில் கணுக்கால் தண்ணீர். அப்போது எனக்குப் படகின் அடைப்பான் நினைவு வந்தது. தரையில் நிற்கும்போது மழைத் தண்ணீர் வடிவதற்காகப் படகின் பின்பக்க அடியில் ஒரு ஓட்டை உண்டு. அதைத் திறந்தேதான் வைத்திருப்போம். தண்ணீர் கீழிருந்து ஏறினால் அதே ஓட்டை வழியாகப் படகுக்குள் வரும். அடைப்பானை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினேன்.

அடைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கியதும் சங்கிலி தெரிந்தது. விரல் தடிமன். படகின் மூக்கு வளையத்தில் நுழைத்து, சக்கர வண்டியோடு சேர்த்து இறுக்கி, தென்னை மரத்தைச் சுற்றிப் பூட்டியிருந்தார்கள். நான் படகைக் கொண்டுபோய்விடாமல் இருக்க, நாங்கள் ஊரில் இல்லாத நாளில் சங்கம் செய்த ஏற்பாடு. ஓர் அங்குலம்கூடத் தளர்வு இல்லை.

லக்ஷ்மிநாராயணன் சாரை ஃபோனில் பிடித்தேன். அவர் மழைக்கு முன்பே மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தார். படகு பத்திரமாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.

"சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

"என்கிட்டதாம்மா இருக்கு" என்றார்.

சூர்யா குடையோடு வந்து நின்றான். முழங்காலுக்குக் கீழே நனைந்த பிறகும் குடையை மடக்கவில்லை. "தெருவுக்கு ஒரு படகு. படகுக்கு ஒரு பூட்டு. சாவி பெங்களூர்ல. பக்காவா பிளான் பண்ணியிருக்கோம்" என்றான்.

மதியத்துக்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. படகின் பின்பக்கம் மிதந்து எழுந்தது. மூக்கு மட்டும் வண்டியோடு கட்டுண்டு கீழே கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் மூக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மின்சாரம் இல்லாததால் வெட்டுகிற மிஷின் எதுவும் பயன்படாது. சூர்யா குழாய் அறுக்கும் பிளேடைக் கொண்டுவந்து அறுக்க ஆரம்பித்தான். அவன் கை ஓய்ந்ததும் நான். பிறகு தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். சங்கிலியைப் பூட்டியவர்களும் அவர்கள்தான். கடைசி இழை அறுந்ததும் படகு குதித்து எழுந்து என் தாடையில் இடித்தது. எனக்கு அழுகை வந்தது, வலியால் இல்லை.

மாமி தன் வாசற்படியில் பையோடு தயாராக நின்றார். அவரையும் அவருடைய மிக்ஸியையும் ஏற்றினோம். மோட்டாரை மாட்டவில்லை, தண்ணீருக்கடியில் பைக்குகளும் சுற்றுச்சுவர்களும் கிடந்தன. தள்ளுவண்டி போல ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். மாமி இரண்டு பக்க விளிம்பையும் இறுகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெயின் ரோட்டு மேட்டில் படகு தரைதட்டி நின்றது. மழையும் நின்றது. அதற்குமேல் தண்ணீர் ஏறவில்லை. சாயங்காலம் வடியத் தொடங்கிவிட்டது. உண்மையில் மாமி நடந்தே வந்திருக்கலாம். ஆனால் வந்திருக்க மாட்டார்.

அடுத்த வாரம் சங்கம் கூடியது. படகைத் தெருவுக்குப் பொதுவாகவே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். லக்ஷ்மிநாராயணன் சார் வீடியோ காலில் இருந்து, இம்முறை நீளமான சங்கிலியாகப் போடலாம், சாவி வீட்டுக்கொன்று இருக்கட்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் விற்க மாட்டேன் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன் என்றும் சொன்னேன். நிபந்தனையை மீறுகிறாய் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். ஆமாம் என்றேன். யாரும் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மாமிதான் கடைசியில் கேட்டார்.

"எப்ப திரும்புவ?"

"சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன் மாமி."

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி தெருவைத் தாண்டும்வரை மாமி கேட்டில் நின்றார். கையசைக்கவில்லை.

கழி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணல்மேடு இருந்த இடத்தில் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வழி; அதற்கப்பால் ஒரு கோடு கிழித்ததுபோல் பச்சைக் கடல். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது மேற்கே, எங்கள் தெரு இருக்கும் தாம்பரம் பக்கம், வானம் கறுத்திருந்தது. பிளாஸ்டிக் உறையில் இருந்த ஃபோனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

"இன்னாம்மா, போலாமா, திரும்பலாமா?" என்றார் முன்னால் இருந்த கோபு. "இங்கயே நின்னுகினு இருந்தா படகு மணல்ல குந்திக்கும்."

போகலாம் என்றேன். படகின் மூக்கு முதல் அலையில் தூக்கிக்கொண்டது, பிறகு சட்டென்று எல்லாப் பக்கமும் வெட்டவெளியாகிவிட்டது. கோபு எங்கேயோ கைகாட்டி என்னவோ சொன்னார். காதில் விழவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கடல் இந்தாண்ட கீதும்மா. நீ இன்னா, வூட்டையே பாத்துகினு கீற?"

அப்போதுதான் நான் உடம்பைத் திருப்பி உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. மேற்கே இப்போது மின்னலும் இருந்தது.

கைப்பிடியை வளைத்துப் படகைக் கரைப்பக்கம் திருப்பினேன். உள்ளே நுழையும் வழி போகும்போது இருந்ததைவிடக் குறுகலாகத் தெரிந்தது. அலை தணியும்வரை வெளியே காத்திருக்க வேண்டும் என்றார் கோபு. காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கடலைப் பார்த்தேன்.