சின்யோரா முன்னால் போகட்டும்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு சின்யோரா அமாலியாவின் குசினியில் நான்கு பேர் இருந்தார்கள். பல்கனிக் கதவோரம், சக்கரக் கதிரையில், எண்பத்தெட்டு வயதுச் சின்யோரா. பிரிட்ஜுக்குப் பக்கத்து முக்காலியில், வெயில் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக, யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்குப் பதினைந்து நாள் விசாவில் வந்திருந்த விமலராணி. மேசையடியில் அவருடைய தம்பி பெண்சாதி அம்பிகை. அடுப்படியில், இருபத்துநான்கு வருடமாக அந்த வீட்டில் வேலை செய்தும் அந்தக் குசினியில் ஒருநாளும் உட்காராத தம்பி பத்மநாதன், நின்றபடி கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். சின்யோராவைத் தவிர்ந்த மூவரும் அந்நேரம் மொண்டெல்லோக் கடற்கரையில் நின்றிருக்க வேண்டியவர்கள். அங்கே போகும் பஸ்ஸில்தான் ஏறினார்கள், கடைசித் தரிப்பில்தான் இறங்கினார்கள். பத்மநாதன் எங்கே போகப் புறப்பட்டாலும் சின்யோராவின் வாசலில்தான் போய்ச் சேருவார் என்பது அந்த வாரத்தில் ஐந்தாவது தடவையாக உறுதியாயிற்று.

தினமும் காலை வேலையை முடித்து, சீசாப் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பி, அக்காவைக் கூட்டிக்கொண்டு ஊர் காட்டப் புறப்படுவதுதான் ஏற்பாடு. திங்கட்கிழமை பெரிய கோயிலுக்குப் போனார்கள். சின்யோராவின் வாசல் வந்தது. செவ்வாய்க்கிழமை, செத்தவர்களை உடுப்போடு சுவரில் நிறுத்திவைத்திருக்கும் கப்புச்சீனி நிலவறைக்கு. அது வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை, சின்யோரா வீடு அரை மணி. ஐந்து நிமிடம் நடந்தார்கள், அரை மணித் தூரத்து வாசலில் நின்றார்கள். மிச்சம் இருபத்தைந்து நிமிடம் எங்கே போயிற்று என்று விமலராணி மணிக்கூட்டைத் தட்டிப் பார்த்தார். புதன்கிழமை பல்லரோச் சந்தை, அதே வாசல். வியாழக்கிழமை போர்கோ வெக்கியோவில் இருக்கும் மன்னார்க்காரன் பீலிக்ஸ் தன் காரில் மலைக்கு ஏற்றிப்போனார். பைன் மரங்கள் வந்தன, கீழே கடல் தெரிந்தது, மூன்றாவது வளைவில் சின்யோராவின் இரும்புக் கேற் வந்தது. "என்ன அண்ணை, மலைக்கெண்டு ஏறிப்போட்டு வேலைக்கு இறங்கிறியள்?" என்று கேட்ட பீலிக்ஸ், வந்ததுதான் வந்தோம் என்று தானும் ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போனார். சின்யோரா ஒவ்வொரு நாளும் மேலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "பத்மோ, என்னத்தை மறந்துவிட்டுப் போனாய்?" அங்கிருந்து வீடு திரும்புவதில் மட்டும் ஒருநாளும் பிசகில்லை.

விமலராணிக்குக் கடலும் சந்தையும் பெரிதல்ல. 2001ஆம் ஆண்டு, தம்பி வழியில் காணாமல்போய் ஏழு மாதம் கழித்துப் பலெர்மோவிலிருந்து எழுதிய முதற் கடிதத்தில், இஞ்சை எங்கடை ஆக்கள் சைவம் வேதம் எண்டு சமயம் பாராமல் சாந்தா ரொசாலியா எண்ட புனிதையின்ரை மலைக்கு ஏறுகினம் என்று ஒரு வரி இருந்தது. அன்றே, தம்பிக்குத் தங்கும் அனுமதி கிடைத்தால் அவனும் தானுமாகச் சேர்ந்து வெறுங்காலோடு அந்த மலை ஏறுவதாக நேர்ந்துகொண்டார். பெர்மெஸ்ஸோ எனும் அந்த அனுமதி எட்டாம் மாதம் கிடைத்தது. நேர்த்தி தீர்க்காமல் கிடந்தது. கிணறு உவர்த்ததும், மூத்தவன் கணிதத்தில் இரண்டுமுறை கோட்டைவிட்டதும், தன் முழங்கால் வீங்கியதும் அதனால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அம்பிகையோடு போய்வரலாம்தான், ஆனால் நேர்ந்தது தம்பியோடு. விசா முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"உன்ரை கால் என்னத்துக்கடா தம்பி இஞ்சையே வந்து நிக்குது?" என்று அவர் கேட்டார். பத்மநாதன் கோப்பிக் கேத்தலைத் துடைத்தார்.

அம்பிகைக்குப் பொறுமை போய்விட்டது. "மச்சாள், உங்கடை தம்பியைக் கூட்டிக்கொண்டு அலையிறதை விட்டிட்டு, இந்த மனுசியைத் தூக்கிக்கொண்டுபோய் மலையிலை வையுங்கோ. அவர் தன்ரை பாட்டிலை வந்து சேருவார்."

"விசர்க்கதை கதையாதை" என்றார் பத்மநாதன். ஆனால் சொன்ன கையோடு அவருக்கே ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கெஸ்தூரா எனும் பொலிஸ் கந்தோருக்கு, பெர்மெஸ்ஸோ எடுக்கப் போன நாளெல்லாம், அவர் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் சின்யோரா முன்கூட்டியே அங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்பதை அந்நாளில் யாரும் யோசிக்கவில்லை. விமலராணி கோப்பையைக் கீழே வைத்தார். "மனுசி எத்தினை கிலோ இருக்கும், பிள்ளை?"

சின்யோரா பதினொரு வருடமாகப் படியிறங்காதவர். முதலில் மொண்டெல்லோவுக்கு வரச் சொன்னதற்கு, கடலை எனக்குத் தெரியும், அது மாறியிருந்தால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள் என்றார். அம்பிகை இத்தாலியனில் மன்றாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. விமலராணி சீப்பை எடுத்து அவருடைய தலையை வாரத் தொடங்கினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. பின்னி முடியும்போது சின்யோரா உதட்டுச் சாயம் கேட்டார், பிறகு பச்சைத் தொப்பி கேட்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு பீலிக்ஸ் அவரைக் காரில் மொண்டெல்லோவில் கொண்டுபோய் விட்டார். அரை மணி கழித்துப் பத்மநாதன் அக்காவோடு பஸ் ஏறி, மொண்டெல்லோவில் இறங்கினார். சக்கரக் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்று, சின்யோராவின் மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டி, மருந்து போட்டாரா என்று விசாரித்த பிறகுதான், இருபத்துநான்கு வருடமாகப் பஸ்ஸின் நெற்றியில் மட்டும் வாசித்திருந்த அந்த இடத்தின் கடலை நிமிர்ந்து பார்த்தார். "நீலமாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் முழுக்கச் சின்யோரா முன்னால் போனார், மற்றவர்கள் பின்னால் போனார்கள். பெரிய கோயிலில் செபம் முடியுமுன் அடுத்த இடம் எது என்று கேட்டார். நிலவறைப் படியில் பீலிக்ஸ் கதிரையோடு தூக்கி இறக்க, சுவரில் நின்றவர்களில் இருவரைத் தன் தாய்வழிச் சொந்தம் என்று அடையாளம் காட்டி, ஒருவருடைய கழுத்துப்பட்டி சரியில்லை என்றும் குறைபட்டார். பல்லரோவில் மீன்காரனோடு சண்டை பிடித்து வென்றார். பதினான்காம் நாள் பீலிக்ஸ் அவரை மலை உச்சிக் குகைக்கோயிலின் வாசலில் கொண்டுபோய் வைத்தார். கீழேயிருந்து அக்காவும் தம்பியும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய கற்பாதையால் ஏறினார்கள். பாதை ஒவ்வொரு வளைவிலும் மேலேதான் போயிற்று. இரண்டு மணி நேரத்தில், அக்காவின் முழங்கால் உட்பட எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். பால்கட்டி வைத்த கன்னோலி தின்றுகொண்டிருந்த சின்யோரா, பிந்திவிட்டீர்கள் என்றார். விமலராணி குகைக்குள் போய், தம்பியின் கையைப் பிடித்தபடி, வெகுநேரம் நின்று அழுதார்.

மறுநாள் வழியனுப்புவதற்காகச் சின்யோராவை எயார்போட்டுக்கும் முன்னால் அனுப்ப வேண்டியிருந்தது. புறப்படும் வாசலில் விமலராணி தம்பியின் சேட்டுக் கொலரைப் பிடித்துச் சொன்னார்: "இனி நீ ஊருக்கு வாறாய். சின்யோரா லீவு தரமாட்டாவாம் எண்டு எனக்கு எழுதக்கூடாது."

சின்யோராவுக்கு அதை இத்தாலியனில் சொன்னது அம்பிகைதான். சின்யோராவின் முகம் சிவந்தது. "நானா? இவன் என்னிடம் எப்போது லீவு கேட்டான்?"

பத்மநாதன் சப்பாத்தைப் பார்த்தார். அப்போதுதான் வெளிவந்தது. 2009இலும் 2017இலும் ரிக்கெற் எடுத்து, இரண்டு சூட்கேசோடு எயார்போட் பஸ் ஏறி, இரண்டு தடவையும் சின்யோராவின் வாசலில் இறங்கியிருக்கிறார். கால் போகமாட்டுது என்று அக்காவுக்கு எப்படி எழுதுவது? லீவு இல்லை என்று எழுதிவிட்டார். அந்தச் சூட்கேசுகள் சின்யோராவுக்கு ஞாபகம் இருந்தன. அவை வந்த நாள்களில் மூலையில் வைக்க இடமும் காட்டியிருந்தார். பிறகு, "பத்மோ, என்னுடைய பாஸ்போட் எந்த வருடத்தோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போனதும் பார்" என்றார்.

1994ஆம் ஆண்டோடு முடிந்திருந்தது. புதியது எடுக்க ஆறு கிழமை ஆயிற்று. பாஸ்போட் கைக்கு வந்த அன்றே பத்மநாதன் கடிதம் எழுத உட்கார்ந்தார். போனில் சொன்னால் அக்கா பாதியைக் கேட்கமாட்டார் என்பதால் எழுதுவதே ஒழுங்கு என்று பட்டது.

"அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். சின்யோராவும் பீலிக்ஸும் செப்ரெம்பர் ஒன்பதாம் திகதி வந்து சேருவார்கள். நானும் அம்பிகையும் அடுத்தநாள் வருவோம். படியில்லாத அறையை ஒதுக்கி வைக்கவும். உறைப்பு ஆகாது, தேத்தண்ணிக்கு எலுமிச்சம்பழம் வேண்டும். முக்கியமாக, பத்தாம் திகதி காலையிலிருந்து அவவை எங்கும் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். படலையடியிலேயே கதிரையைப் போட்டு இருத்தி வைக்கவும். நான் வீட்டைத் தவறவிடக் கூடாது."

இரண்டாம் முறை வாசித்து, ஓர் இடத்தில் காற்புள்ளி போட்டு, மடித்து, உறையின் ஓரத்தை நனைத்து ஒட்டி, முழங்கையால் அழுத்தினார். பிறகு சின்யோராவை டாக்சியில் தபாற்கந்தோருக்கு அனுப்பிவிட்டு, கால் மணி கழித்துத் தானும் நடந்தார். அவர் உள்ளே நுழையும்போது சின்யோரா எடுத்து வைத்திருந்த வரிசை இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். கடிதம் பதிவுத் தபாலில் போயிற்று.