வலைக்கதவு

"ஈ ஓட்டுறதுக்கு உனக்குச் சம்பளம் வேறயா?" என்று தம்பி அக்காவைச் சீண்டிய காலம் ஒன்று இருந்தது. தோட்டங்களை மொட்டையடிக்கும் புழுக்களைக் கொல்ல, அவற்றின் உடம்புக்குள் வளர்ந்து தின்னும் ஒட்டுண்ணி ஈக்களைப் பெருக்கி வெளியே விடுவது அவள் வேலை. தம்பி வளர்த்ததோ பட்டுப்புழு, ஈ புகாதபடி வலைக்கதவு போட்ட கொட்டகையில்.

போன வருஷம் அவன் புழுக்கள் கூடு கட்டாமலே கறுத்துச் செத்தன. "உங்க ஈதானே?" என்றான். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எங்க ஈ புழு மேல உட்காந்துதான் முட்டை போடும். அதுவும் பட்டுப்புழுவத் தொடாது, நானே சோதிச்சிருக்கேன். வேற ஏதோ ஈ உள்ள வந்திருக்கு. வலைக்கதவ யாரு திறந்து போட்டதுன்னு உன் பொண்டாட்டியக் கேளு."

கேட்டான். மூடித்தான் வைத்தேன் என்று மனைவி அழுதது எடுபடவில்லை. அக்கா படித்தவள், அவள் சொன்னால் சொன்னதுதான். பேச்சு முற்றி அவன் கைநீட்டினான். மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை.

மற்ற பண்ணைகளிலும் இதே சாவு தொடரவே, செத்த பட்டுப்புழுக்களிலிருந்து வந்த ஈக்களின் கால்களைப் பிய்த்து அக்கா மரபணுவைப் படித்தாள். பூதக்கண்ணாடிக்கும் பிடிபடாத வித்தியாசம் அதில் தெரிந்தது. ஒரே இனம் என்று அவள் வளர்த்த ஈ, இரண்டு இனம். ஒன்றைத்தான் சோதித்திருந்தாள். கலந்து கிடந்த இன்னொன்றையும் சேர்த்து வெளியே விட்டிருந்தாள்.

அந்த இன்னொன்றைத் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்தாள். அது புழுவைச் சட்டையே செய்யவில்லை. இலையில் தூசி போல முட்டையிட்டது. இலையைத் தின்ற பட்டுப்புழு முட்டையையும் சேர்த்துத் தின்றது.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே வைதுகொண்டு தம்பியிடம் ஓடினாள். கொட்டகையில், புழு வளர்த்த வெறும் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ கதவு?"

"கதவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடா. இலையோட வந்திருக்கு. எல்லாம் என் வாய்க்கொழுப்பு."

"இலை பறிச்சுப் போட்டது நான்க்கா."

அவன் எழுந்து வலைக்கதவைச் சாத்தினான். திறந்தான். மறுபடி சாத்தினான்.

"கிளம்புடா, அவகிட்டப் போவோம். கால்ல வேணாலும் விழறேன்."

"எதுக்கு? நேத்துதான் கோர்ட்ல விவாகரத்து குடுத்துட்டாங்க," என்றான். "அங்கயும் அவ அதையேதான் சொன்னா. மூடித்தான் வச்சேன்னு."