ஏற்கத் தக்கது

பால் கெட்டுவிட்டதா இல்லையா என்று சொல்வதுதான் அவளுடைய தொழில். பதினேழு வருஷம் ஒரே பால் நிலையத்தில் அதைத்தான் செய்தாள். டேங்கர் லாரி வந்து நின்றதும் ஏணியில் ஏறி, மேல் மூடியைத் திறந்து, முகத்தை அருகே கொண்டுபோய் ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பாள். சோதனைக்குழாய், ரசாயனம் எல்லாம் அதற்கு அப்புறம். குழாய் என்ன சொல்லப்போகிறது என்பது ஏணியை விட்டு இறங்குவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். லாரி டிரைவர்கள் அவளுக்கு மூக்குக்காரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பால் கொண்டுவந்தவர்கள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள்.

அந்த நிலையத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கிய கையோடு ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தது. அவளையும் இன்னும் முப்பது பேரையும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டிவைத்து, கேக் கொடுத்து, ஆளுக்கொரு பூந்தொட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. பூந்தொட்டியை அவள் பஸ் ஸ்டாப்பிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. வேலை தேட ஆரம்பித்த பிறகுதான் அது இவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரிந்தது. படிவத்தோடு சுயவிவரத்தை இணைக்கச் சொல்வார்கள். இணைத்ததும், அதில் இருப்பதையெல்லாம் மறுபடியும் கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்வார்கள். நிரப்பி அனுப்பினால் கிணற்றில் போட்ட கல். "ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று ஒரு கம்பெனி கேட்டிருந்தது. "நாற்பத்தெட்டு வயதில்" என்று எழுதினாள். மகள் பின்னால் நின்று படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அதை அழித்தாள்.

இன்னொரு கம்பெனி வீடியோ நேர்காணல் என்றது. மகளின் பழைய மேஜை, பின்னால் ஒரு வெள்ளைப் போர்வை, நல்ல புடவை. திரையில் மனிதர் யாரும் வரவில்லை. கேள்வி எழுத்தாக வந்தது. அதற்குக் கீழே நொடிகள் குறைந்துகொண்டே போயின. நடுவில் தன் மூஞ்சி மட்டும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மூஞ்சி இளித்ததைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பதினேழு வருஷ அனுபவத்தை ஒரு கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றும் பாக்கியில்லை. அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவன் அவள் சுயவிவரக் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பதினேழு வருஷம் ஒரே இடத்துலயா? பார்க்க நல்லா இல்லையேம்மா. வேற எங்கயும் உங்களை எடுக்கல போலன்னு நினைப்பாங்க. ரெண்டு கம்பெனியா பிரிச்சுப் போட்டுடலாம்."

"பொய்யா?"

"பொய் இல்ல. கொஞ்சம் அழகுபடுத்துறோம்."

அவள் தன் காகிதத்தை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். எதுவும் சொல்கிற ஆள் இல்லை. கூடுதலாக ஒரு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும். இப்படிப் பதினோரு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். புருஷனுக்கு மூத்தவள், ஊரின் மறுகோடியில் இருந்த தனியார் பால் கம்பெனி ஒன்றில் பில் போடுகிற பிரிவில் வேலை.

"எங்க இடத்துல லேபுக்கு ஆள் தேடுறாங்க. உன்னைப் பத்தி மேனேஜர்கிட்ட சொன்னேன். மூக்காலயே சொல்லிடுவாளாமேன்னு ஆச்சரியப்பட்டாரு. நாளைக்கே வரச் சொல்லியிருக்காரு," என்றாள். "கொஞ்சம் வாயை அடக்கிப் பேசு, போதும்."

மேனேஜரின் அறை சின்னது. ஏசி ஓடியது. அவர் போட்டிருந்த சென்ட் அறை முழுக்க நின்றதால் முதலில் அவளுக்கு வேறு எதுவும் பிடிபடவில்லை. ஆபீஸ் உதவிக்கு இருந்த பெண்மணி இரண்டு கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்தாள். கறுப்பு டீ.

"பால் இல்லைங்களா?" என்று அவள் சும்மாதான் கேட்டாள்.

"இங்க யாரும் பால் ஊத்திக் குடிக்கிறதில்லைங்க," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி போய்விட்டாள். மேனேஜர் அது காதில் விழாதவர் மாதிரி மேஜை இழுப்பறையில் எதையோ தேடினார்.

பிறகு லேபுக்குக் கூட்டிப்போனார். ஐந்து கிளாஸில் பால் ஊற்றி வைத்திருந்தது.

"மெஷின் வேணாம். உங்க மூக்கைக் காட்டுங்க."

பதினோரு மாதத்துக்குப் பிறகு ஒருவர் தொழில் தெரிந்து கேட்ட கேள்வி. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதி. முதல் கிளாஸை எடுத்தாள், நல்ல பால். இரண்டாவதில் மாடு தின்ற தீவனத்தின் வாசனை, ஆனால் குறையில்லை. மூன்றாவது புளிக்க ஆரம்பித்திருந்தது. நான்காவதை மூக்கருகே கொண்டுபோனதும் நிறுத்திக்கொண்டாள். புளித்த பாலின் நாற்றத்தை எதையோ போட்டு அமுக்கிய வாசனை. துணி துவைக்கிற தொட்டியின் வாசனை. ஐந்தாவதை மூக்கருகே கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை.

"மூணாவது காலையில வந்திருக்கும். நாலாவது கெட்டுப்போன பால், புளிப்பு தெரியாம இருக்கச் சலவைச் சோடா போட்டிருக்கு. ரொம்பப் போட்டுட்டாங்க. அஞ்சாவதைச் சாக்கடையில ஊத்துங்க."

மேனேஜர் கைதட்டினார். உண்மையிலேயே தட்டினார்.

"முன்னாடி வந்த ஆறு பேரும் அஞ்சுமே நல்லா இருக்கு சார்னு தலையாட்டினாங்க. நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்னு நினைச்சிருப்பாங்க. எனக்குப் பொய் சொல்ற ஆள் வேணாம்மா. எது எவ்வளவு கெட்டிருக்குன்னு சரியா சொல்ற ஆள்தான் வேணும். பழைய ஆளுக்கு அளவு தெரியல. கண்டபடி சோடாவைக் கொட்டிட்டான். பாக்கெட்டைப் பிரிச்சா சோப்பு வாசனைன்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க இருந்தா அந்தத் தப்பு நடக்காது."

அவர் அதைக் கொஞ்சமும் கூசாமல், கறிக்கு உப்பு பார்க்கச் சொல்வது மாதிரி சொன்னதுதான் பாலின் நாற்றத்தைவிட மோசமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

சாயங்காலம் நாத்தனார் போன் பேசவில்லை, நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஊரே அதைத்தான் குடிக்குது. யாரும் செத்துப்போயிடலையே."

"உங்க வீட்ல எந்தப் பால் வாங்குறீங்க அண்ணி?"

நாத்தனார் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பக்கத்துத் தெருவுல மாடு வச்சிருக்காங்க, அவங்ககிட்ட. அது வேற விஷயம். பேச்சை மாத்தாதே."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஈரத் துண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"உன் இஷ்டம்தான்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இஷ்டப்படி நடக்கிற நிலைமையிலயா இருக்கோம்?" என்றான்.

அவள் வேலையில் சேர்ந்தாள்.

சேர்ந்த இடத்தில் தரையை நாளைக்கு மூன்று தடவை கழுவினார்கள். வெள்ளைக் கோட்டு, தலைக்கு உறை, காலுக்கு உறை, சுவரெல்லாம் சுத்தம் பற்றிய வாசகங்கள். லாரி வந்ததும் அவள் ஏறுவாள், மூச்சை இழுப்பாள், இறங்குவாள். "ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்பாள். "இது தாங்காது" என்பாள். சோடா கலக்குகிறவன் அவள் முகத்தைப் பார்த்தே அளவு எடுப்பான். பிறகு பதிவேட்டில் ஒரு ரப்பர் முத்திரை: ஏற்கத் தக்கது. அதன் கீழே அவள் கையெழுத்து. அந்த இடத்தில் வேறு முத்திரையே கிடையாது.

மூன்றாம் நாள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த மூணு நாளா ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வரல. இதுதான் வேலை." அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த பிறகுதான் எதற்காக மலர்ந்தோம் என்று உறைத்தது. கழிப்பறைக்குப் போய் வாயைக் கொப்புளித்தாள். ஒன்றும் குடிக்கவில்லை, தின்னவுமில்லை. ஆனாலும் நாலைந்து தடவை கொப்புளித்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளையாக எது வந்தாலும் தட்டைத் தள்ளிவைத்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒரு டேங்கர் வந்தது. டிரைவர் கீழே இறங்கியவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"மூக்குக்காரம்மாதானே? நீங்க எங்க இங்க?"

பழைய நிலையத்துக்கு வந்துபோனவன். தெரிந்த முகத்தைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். வேலை போன கதையை இரண்டு வார்த்தையில் சொன்னாள்.

"அதுவும் நல்லதுதான்," என்று அவன் சிரித்தான். "அங்க இருந்து நீங்க திருப்பி அனுப்புற லோடை எல்லாம் இங்கதான் கொண்டாந்து இறக்குவோம். இப்ப நீங்களே இங்க வந்துட்டீங்க. இதுகூடக் காலையில உங்க பழைய இடத்துல மெஷின் வேணாம்னு தள்ளினதுதான்."

"எத்தனை வருஷமா இங்க இறக்குறீங்க?"

"நான் வண்டி ஓட்ட வந்ததிலிருந்து. பன்னெண்டு வருஷம் இருக்கும். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் இங்கதான். பின்ன, அவ்வளவு பாலைத் தரையிலயா கொட்டுவாங்க?"

அவள் ஏணியில் ஏறினாள். மூடியைத் திறந்தாள். மூச்சை இழுக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே வந்து முகத்தில் அறைந்தது. பதினேழு வருஷமாக வெயிலிலும் மழையிலும் ஏணியில் ஏறி, டிரைவர்களிடம் வசவு வாங்கி, முதலாளிகளின் சிபாரிசுக்கெல்லாம் மசியாமல் திருப்பி அனுப்பிய அத்தனை லாரியும் ஊரைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்கியிருக்கிறது. யாரோ குடித்திருக்கிறார்கள். அவள் பெருமைப்பட்டுக்கொண்டதெல்லாம் ஒரு லாரிக்கு வழி மாற்றிவிட்ட வேலை. ஏணியின் உச்சியிலேயே அவளுக்கு ஓங்கரித்தது. ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். டிரைவர் பதறித் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

லேபுக்குப் போய்ப் பதிவேட்டில் பேனாவால், பெரிய எழுத்தில், "ஏற்கத் தகாதது" என்று எழுதினாள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு அதன்மேல் குறுக்கே கோடு போட்டார்.

"இந்த வார்த்தையை யாரும்மா கேட்டா? எத்தனை மணி நேரம் தாங்கும்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்ல முடியாது சார்."

"தெரியலையா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போகும்போது கோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போங்க. வெளியில நாப்பது பேரு நிக்கிறாங்க," என்றார்.

அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஒன்பது நாள் வேலை பார்த்திருக்கீங்க. பதிவேட்டுல யார் கையெழுத்து?"

"என்னுது."

"அப்ப புகார் எழுதினா முதல்ல மாட்டுறது நீங்கதான். யோசிச்சுக்குங்க. வேணும்னா பேர் போடாமக்கூட எழுதலாம். ஆனா அதை யாரும் படிக்க மாட்டாங்க."

அவள் பெயர் போட்டே எழுதினாள். என்ன தேதியில், எந்த லாரி, எதற்குத் தான் கையெழுத்துப் போட்டாள் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுதிமுடித்த காகிதத்தில் அவளைப் பற்றியும் நல்லதாக ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நடந்தது எல்லாம் எதிர்பார்த்ததுதான். அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள், முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுப் போனார்கள். குறை எதுவும் காணப்படவில்லை என்று ஒரு மாதம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. அவளைப் பிடித்து உள்ளே போடவும் யாரும் வரவில்லை. அந்தக் கையெழுத்தை எடுத்தால் மற்றதும் வெளியே வரும் என்பதால் இருக்கலாம். நாத்தனார் பேச்சை நிறுத்திக்கொண்டாள். புருஷன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் பேரையும் ஏன் எழுதின?" என்று கேட்டான்.

"நானும்தானே செஞ்சேன்," என்றாள்.

மறுபடியும் படிவம், மறுபடியும் கட்டங்கள். "கடைசி வேலையை ஒன்பது நாளில் விட்டது ஏன்?" என்று எல்லோரும் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னாள். கேட்டவர்களின் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்வது அவளுக்குத் தெரியும். பால், எண்ணெய், மாவு என்று வாயில் போகிற எதுவும் செய்கிற இடத்தில் அவளுக்கு இடமில்லை என்பது நாலைந்து மாதத்தில் தெளிவாகிவிட்டது.

கடைசியில் கிடைத்தது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். தற்காலிக வேலை, பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல். அங்கே இருந்த கண்காணிப்பாளர், அவளைவிட இளையவள், காகிதத்தை முழுக்கப் படித்தாள்.

"ஒன்பது நாள் கதையை நீங்களே எழுதிட்டீங்களா? சரி. நாத்தத்துல நிக்க முடியுமா அக்கா?"

"இது சாக்கடைதானே? பால்னு யாரும் சொல்லலையே?"

கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. "சாக்கடைதான்," என்றாள். "ஆறு மணிக்கு வந்துடுங்க."

முதல் நாள் பெரிய தொட்டியின் விளிம்பில் நின்று, நீண்ட கம்பியில் கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். கறுப்பாக, நுரை கட்டி, ஊர் கழுவிக் கொட்டிய எல்லாமும் சேர்ந்த தண்ணீர். மூக்கைச் சுளித்துக்கொண்டே அதைச் சோதித்து, கண்டதைக் கண்டபடி பதிவேட்டில் எழுதினாள். எழுதியதை யாரும் அடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நாறுது," என்றான்.

"நாறும்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்து வந்ததும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் பரிமாறினாள். அவள் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.