லார்னாக்காவின் வழிகாட்டி

மண்டபத்துச் சுவரில் பொன்னிறக் கற்களாலான ஒரு தேவாலயத்தின் படம் பெரிதாக விழுந்தபோது, இரண்டாவது வரிசையில் அமர்ந்திருந்த அருள்நாயகி கைப்பைக்குள் இருந்த துண்டுத்தாளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் பதினான்கு குறிப்புகள் இருந்தன. மெல்பேர்னின் கிரெய்கிபர்ன் நூலகத்தில் இரவல் வாங்கிய பயண நூலொன்றிலிருந்து, மகளுக்குத் தெரியாமல், இரண்டு வாரமாக எழுதி மனனம் செய்தவை. லாசர் ஆலயம் கட்டப்பட்ட நூற்றாண்டு, பலிபீடத்தின் கீழுள்ள கல்லறை, கடற்கரைக் கோட்டை, உப்பு ஏரியில் பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகள். சைப்பிரஸின் லார்னாக்கா நகரத்தில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்த ஒருத்தி அதைப் பற்றி நூலகத்தில் படிக்கவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, ஆலயத்தின் பின்மண்டபத்தில் இருபத்திரண்டு பேர் கூடியிருந்தார்கள். புனித சின்னப்பர் என்ற பவுல் நடந்த வழியே சைப்பிரஸ் தீவைச் சுற்றிப் பார்க்க மே மாதம் புறப்படவிருக்கும் குழு அது. ஒழுங்கமைப்பாளர் ஸ்ரான்லி தபால் பிரிக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; மனிதர்களையும் தெரு வாரியாகப் பிரித்து அடுக்கிவிடலாம் என்று இன்னமும் நம்புகிறவர். எல்லோர் மடியிலும் அவர் கொடுத்த வண்ணப் பிரசுரம் கிடந்தது. 'மூன்று மணித்தியாலத்தில் மூவாயிரம் ஆண்டுகள்' என்று அதன் முகப்பில் அச்சிட்டிருந்தார்கள். அந்த வரியை எழுதியவனுக்கு ஆண்டென்றால் என்னவென்றும் தெரியாது, மணித்தியாலம் என்றால் என்னவென்றும் தெரியாது என்று அருள்நாயகி நினைத்தாள். மணித்தியாலம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

அவள் அங்கே வேலை பார்த்த வீட்டின் எலெனி அம்மையார் சனிக்கிழமைதோறும் லாசர் ஆலயத்துக்குப் போவார். சக்கர நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போவது அருள்நாயகியின் வேலை. வாசலில் அம்மையாரின் தம்பி நாற்காலியைப் பொறுப்பேற்றுக்கொள்வார். திரும்பி எடுக்க ஒரு மணித்தியாலம் இருக்கும். அதற்குள் பாண் வாங்கவேண்டும், மருந்து எடுக்கவேண்டும், தைக்கக் கொடுத்த செருப்பை மீட்கவேண்டும். ஒப்பந்தத்தில் ஞாயிறு முழுநாள் விடுமுறை என்றுதான் எழுதியிருந்தது. நடைமுறையில் அது பிற்பகல் ஒன்றுக்குத் தொடங்கி ஆறுக்கு முடிந்தது. அதற்கும் அவள் நன்றி சொல்லவேண்டுமென்று எதிர்பார்த்தார்கள். ஏழு ஆண்டுகளில் அவள் அந்த ஆலயத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை.

பொய் மிகச் சிறியதாகத்தான் தொடங்கியது. அவள் போன முதல் மாதம், மன்னாரிலிருந்து மகள் பிறின்சி தொலைபேசியில் கேட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. "அம்மா, வெளிநாட்டில வேலைக்குப் போறாக்களை வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டுவினமாம். உங்களையும் பூட்டினவையோ?" தொலைபேசிக் கடையின் சுவரில் சுற்றுலாத் திணைக்களத்தின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அருள்நாயகியின் கண் முதலாவதாக இருந்த கோட்டையின் படத்தில் விழுந்தது. "சீச்சீ, ஆர் சொன்னது? இண்டைக்கும் ஒரு கோட்டை பாத்திட்டுத்தான் வாறன்." அடுத்த ஞாயிறு அரசர்களின் கல்லறைகள். அதற்கடுத்த ஞாயிறு லாசரின் கல்லறை. படங்கள் தீர்ந்தபோது கடைக்காரன் புதியவற்றை ஒட்டினான். பிறின்சி அவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லிப் பெருமைப்பட்டாள். மெல்பேர்னுக்கு வந்து, கலியாணம் கட்டி, தாயையும் அழைத்துக்கொண்ட பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்ற மாதம் இந்தக் குழுவின் முன்னால், தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "எங்கட அம்மாவே கைட்டா வருவா" என்று கையுயர்த்தியதும் அவள்தான்.

மறுத்திருக்கலாம். ஆனால் நூலைப் புரட்டத் தொடங்கிய பிறகு அருள்நாயகிக்கு வேறொன்று நேர்ந்துவிட்டது. பயணியொருவர் எடுத்த காணொளியைக் கைப்பேசியில் பார்த்தாள். ஒளிப்படக் கருவி வாசலைக் கடந்து உள்ளே போனது. சனிக்கிழமைகளில் வேலைகள் முடிந்து எந்தச் சுவரில் முதுகு சாய்த்து நிற்பாளோ, அந்தச் சுவரின் மறுபக்கம் தெரிந்தது. பொன் பூசிய மரத்தடுப்பு, தொங்கும் விளக்குகள், கீழே இறங்கும் படிகள். இரண்டாவது படியில் காணொளி வெட்டுப்பட்டு, ஏதோ உணவகத்துக்குத் தாவியது. அவள் அதை ஒன்பது தடவை திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது படி எப்படியிருக்கும்? அந்தப் படிகளில் இறங்கவேண்டும் என்ற ஆசை, இந்த ஐம்பத்தெட்டு வயதில், வெட்கப்படுமளவுக்கு அவளைப் பிடித்துக்கொண்டது. வழிகாட்டியாகப் போனால் முன்னால் நடக்கவேண்டும். எல்லாம் கண்டுகளித்த முகத்தை வைத்துக்கொண்டு இறங்கவேண்டும். முதல்முறை பார்ப்பவளாக வாயைப் பிளந்து நிற்க முடியாது.

"அருள்நாயகி அக்கா ஏழு வருசம் அங்க இருந்தவ. மூலை முடுக்கு விடாமச் சுத்தினவ," என்றார் ஸ்ரான்லி. "இந்த முறை ஆரும் வழி மாறமாட்டியள்."

"போன முறை ரோமில நீ கொடி பிடிச்சுக்கொண்டு போய் எங்களை பஸ் கராச்சுக்குள்ளயெல்லோ விட்டனீ," என்றார் பின்வரிசையிலிருந்து கொட்பிறி. முழங்கால் வருத்தக்காரர், வாய்க்கு வருத்தமில்லை.

"அது ரோட்டு வேலை, கொட்பிறி."

"ஓமோம். ரெண்டாயிரம் வருசமா நடக்கிற வேலை."

சிரிப்பு அடங்கியதும் அருள்நாயகி எழுந்து முன்னே வந்தாள். சுவரில் இப்போது கல்லறையின் படம். தாளை எடுக்காமலே முதற்குறிப்பைச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள். முன்வரிசையில் பிறின்சி கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு கேள்வி," என்றார் கொட்பிறி. "கீழ இறங்கினா குளிருமோ? ஜக்கெற் கொண்டு போகவேணுமோ?"

பதினான்கு குறிப்புகளில் அது இல்லை. ஓம் என்றாலும் ஒருவரும் மறுக்கப்போவதில்லை. இல்லை என்றாலும் மறுக்கப்போவதில்லை. அவள் வாயைத் திறந்தாள். குளிருமா? எத்தனை தடவை பார்த்தும் அந்தக் காணொளி சொல்லாதது அதுதான்.

"தெரியாது தம்பி. நான் உள்ளுக்குப் போகேல்லை."

பகிடி என்று நினைத்து இரண்டொருவர் சிரித்தார்கள்.

"மெய்யாத்தான். கோட்டைக்கும் போகேல்லை. ஒண்டும் பாக்கேல்லை. வீட்டு வேலைக்குப் போனனான். ரோட்டால போய் ரோட்டால வந்தனான்."

பிறின்சியின் கைப்பேசி மடிக்கு இறங்கியது. "என்னம்மா சொல்றீங்க? லாசருக்கு மேல பெரிய விளக்கு தொங்குது எண்டு நீங்கதானே சொன்னனீங்க. I told everyone."

"அது கடைச் சுவரில கிடந்த படம், பிள்ளை. பாத்துப் பாத்துச் சொன்னனான்."

 ஸ்ரான்லி அடுத்த படத்துக்குப் போனார், பிறகு திரும்பி வந்தார். பிறின்சி எழுந்து நின்றாள். கோபமா, அழுகையா என்று அருள்நாயகியால் பிரித்தறிய முடியவில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை? ஒவ்வொரு ஞாயிறும் அஞ்சு மணித்தியாலம் லீவு எண்டு சொல்லுவீங்களே. அதில என்ன செய்தனீங்க?"

"உன்னோட கதைக்க லைனில நிண்டனான். எங்கட ஆக்கள், பிலிப்பைன்ஸ் ஆக்கள், எல்லாருக்கும் அந்த ஒரு கடைதான். மூண்டு மணித்தியாலம் நிக்கவேணும். பேந்து உங்கட பக்கம் லைன் கிடைக்கவேணும்."

 பிறின்சி மூக்கை உறிஞ்சினாள். பிறகு நேரே வெண்பலகைக்குப் போய், ஸ்ரான்லி அழகாக எழுதிவைத்திருந்த நிகழ்ச்சிநிரல் முழுவதையும் அழித்தாள். பேனையைத் தாயிடம் நீட்டினாள்.

"எங்க நிண்டனீங்க? கீறிக் காட்டுங்கோ."

"அப்ப கைட்?" என்றார் ஸ்ரான்லி மெதுவாக.

"கைட்டா வரேல்லை ஸ்ரான்லி. சும்மா வாறன். கடைசி ஆளா வாறன். எல்லாரையும் போல பாக்கவேணும்."

அவள் முதலில் எலெனி அம்மையாரின் வீட்டைக் கீறினாள். அதிலிருந்து ஒரு தெரு இறங்கியது. "இதில பள்ளம். வீல்செயாரைத் திருப்பிப் பிடிச்சு, நாங்கள் பின்னுக்கு நடந்து இறங்கவேணும்." பாண் கடை, மருந்துக் கடை, செருப்புத் தைக்கிறவனின் மேசை. "இதால போகக்கூடாது, கல்லுப் பாவினது, சில்லு இறுகும்." கொட்பிறி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். பிறகு தொலைபேசிக் கடை. அதன் வாசலிலிருந்து மூலை திரும்பி நீளும் வரிசைக்கு அவள் புள்ளிகளை இட்டாள். ஒரு புள்ளியில் பிறின்சி விரலை வைத்தாள். "இதிலயோ?" "இன்னும் பின்னால."

கடைசியாக, தெருக்களெல்லாம் வந்து முடியும் இடத்தில், ஆலயத்துக்கென ஒரு பெரிய சதுரம் கீறினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு சுட்டுவிரலால் அதன் ஒரு பக்கத்தில் ஒரு ஆள் நுழையுமளவுக்குக் கோட்டின் ஒரு துண்டை அழித்தாள். விரல் நுனியில் கரிய மை ஒட்டியது. சதுரத்துக்குள்ளே பலகை வெறும் வெள்ளையாக இருந்தது.