கிழக்கு உச்சி

டரக் மலைக்கு ஏற இரண்டு வழி. மேற்கே வேலியை ஒட்டிப் போவது கிட்டவழி, ஆனால் செங்குத்து. முழங்காலைக் காவு கேட்கும். கிழக்கே மான் வேட்டைக்காரர்களின் வண்டித்தடம் சுற்றுவழி. அதில் கறவை மாடுகூட மூச்சு வாங்காமல் ஏறிவிடும்.

"மேற்கேயே போயிடலாம்டா. உன் காலுக்கு தூரம் ஆகாது" என்றார் லாக்லன். மர்டோ மறுபேச்சுப் பேசவில்லை. முப்பது வருஷமாகக் கூடவே ஏறுகிற ஆள் சொன்னால் வேறென்ன யோசிப்பது?

வருகிற திங்கட்கிழமை மர்டோவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மலையை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். அவர்களுடைய மலையேறும் சங்கத்தின் பட்டியலில் உள்ளவை இருநூற்றுப் பதினோரு குன்றுகள். மர்டோ ஏறி முடித்தவை இருநூற்றுப் பத்து. கடைசிக் குன்றை மிச்சம் வைத்து, நண்பர்களோடு போய், உச்சியில் கேக் வெட்டி விஸ்கி குடிப்பது சங்கத்தின் வழக்கம். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் இந்த ஒன்றுதான். இன்று விட்டால் இனிக் கிடையாது.

அந்தப் பட்டியலை இருபது வருஷம் கட்டிக் காத்தவரே மர்டோதான். கறார் என்றால் அப்படியொரு கறார். உச்சியில் கால் பதிந்தால்தான் பெயருக்கு நேரே குறி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லாக்லனின் மனைவி எஃபி, புற்றுநோய் தின்ற உடம்போடு தன் கடைசிக் குன்றில் ஏறினாள். உச்சிக்கு இருபது தப்படி இருக்கும்போது காற்று அவளைக் கீழே தள்ளிவிட்டது. லாக்லன் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மர்டோ குறி போடவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே அவள் செத்துப்போனாள். லாக்லன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாராவாரம் கூட நடந்தார், தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். மனுஷனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று மர்டோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். புத்திசாலி!

வேலியைப் பிடித்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேர வழியை மூன்று மணி நேரத்தில் ஏறினார் மர்டோ. உச்சிக்கு அடையாளமாக அடுக்கிய கற்குவியல் அருகே சங்கத்துக்காரர்கள் ஆறு பேர் காத்திருந்தார்கள். கிர்ஸ்டி கேக்கைப் பிரித்தாள். மர்டோ கல்லைத் தொட்டார். கண் நிறைந்துவிட்டது. எல்லார் கையிலும் கோப்பை வந்த பிறகு லாக்லன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். இப்போது பட்டியல் அவர் பொறுப்பில்.

"குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். இந்த மலைய மறுபடி அளந்திருக்காங்க. நாம நிக்கறது உச்சி இல்லையாம். அதோ, கிழக்க தெரியுதே, அந்தப் பாறைதான். ஒரு சாண் ஒசரம் கூட."

மர்டோ திரும்பிப் பார்த்தார். நடுவே பெரிய பள்ளம், முழுக்கச் சேறு. இறங்கி ஏறினால் நானூறு தப்படி. வண்டித்தடமோ அந்தப் பாறையை உரசிக்கொண்டே வருகிறது.

"எப்ப வந்துச்சு இந்தக் கடுதாசி?"

"ஏப்ரல்ல."

"செப்டம்பர் ஆச்சு. தெரிஞ்சேதான் இந்தப் பக்கமா கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா."

"ஒரு சாண்தானே லாக்லன், குறி போட்டுடுங்க. பாவம், அவர் காலப் பாருங்க" என்றாள் கிர்ஸ்டி.

மர்டோவுக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. "போட்டுடேன்டா. யாருக்கு என்ன நஷ்டம்?" என்று எல்லார் முன்னாலும் கெஞ்சினார்.

"எஃபியும் உன்ன இதேதான் கேட்டா. வார்த்தகூட மாறல. நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இருபது தப்படி இருபது தப்படிதான் என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்ததும் ஞாபகம் இருந்தது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மர்டோ பள்ளத்தில் இறங்கினார். வேண்டாம் வேண்டாமென்று கிர்ஸ்டி கத்தினாள். வீம்பு யார் பேச்சைக் கேட்கும்? பாதி வழியிலேயே இடது முழங்கால் மடங்கிவிட்டது. சேற்றில் கையை ஊன்றி, மறுகரையில் புல்லைப் பிடித்து, குழந்தை மாதிரித் தவழ்ந்தார். லாக்லன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிதானமாக நடந்து வந்தார். பாறை கண்ணுக்கு நேரே வந்தபோது வலது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. மர்டோ குப்புற விழுந்தார்.

லாக்லன் மேலே போய்ப் பாறையில் ஏறி நின்றார். பிறகு அங்கிருந்து ஒவ்வொரு தப்படியாக எண்ணிக்கொண்டே இறங்கி வந்தார்.

"பத்தொன்பது. அவள விட ஒண்ணு கிட்ட வந்துட்டடா" என்றார்.

மர்டோவின் வாயில் சேறு. இனி நாற்பது வருஷம் உயிரோடு இருந்தாலும் இந்தப் பத்தொன்பது தப்படியை நடக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அழுகையை அடக்கவும் தெம்பில்லை.

"கை குடுடா" என்றார். "ஒரு இழு இழுத்தா போதும். உன் எஃபிக்கும் குறி போட்டுடு. நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"அவ செத்து ஒன்பது வருஷமாச்சு மர்டோ."

லாக்லன் அவரைச் சுற்றிக்கொண்டு சரிவின் கீழ்ப்பக்கம் போய் நின்றார். அங்கே நின்றுகொண்டுதான் கையை நீட்டினார்.

"வா. எறங்கறதுக்குப் பிடிச்சுக்கறேன்."

பாறையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மர்டோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.