ரொட்டிக் கடையில் விசாரிக்க வந்தவர்

என் மகன் ஹூமனுக்குப் பெண் பார்க்கிறேன் என்று சொன்னபோது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தியும் வாழ்த்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரான கஸ்வீனில் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில் கூடுகிற எல்லாரும் போதைக்காரனின் தாய், இல்லையென்றால் மனைவி. தேநீரை உறிஞ்சிக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

"ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடுவான்," என்றேன்.

"அப்படித்தான் என்னையும் கட்டி வச்சாங்க," என்றாள் கூட்டத்தை நடத்துகிற அஷ்ரஃப்; மரியாதைக்கு 'கானும்' சேர்த்து அஷ்ரஃப் கானும் என்போம். "என் மாமியார் வாயில சர்க்கரைக் கட்டியைப் போட்டு, 'நீதான்டி அவனுக்கு மருந்து'ன்னாங்க. மருந்து தீந்துபோச்சு, பெஹ்ஜத் கானும். நோய் அப்படியேதான் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் புருஷன் வேறு, என் பிள்ளை வேறு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "அவனுக்காகப் பொய் மட்டும் சொல்லாதீங்க," என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேறுதான். ஷீஷே என்கிற ஐஸ் போதைப்பொருளைப் புகைத்த காலத்தில் ஹூமன் வீட்டுத் தரைவிரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு போய் விற்றவன். மூன்று முறை போதை மீட்பு முகாமில் கிடந்து, போன வேகத்தில் திரும்பி, மறுபடி அந்தப் புகையிலேயே விழுந்தவன். ஆனால் பனிக்காலம் தொடங்கியதிலிருந்து தொடவில்லை. மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு ஒழுங்காகப் போகிறான். ஷகீபா என்ற அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்ததிலிருந்து தினமும் சவரம் செய்கிறான், சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். இருந்தும் அவன் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பணப்பையைத் தலையணை உறைக்குள் வைத்துத்தான் படுக்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது மருமகள் இல்லை. அந்தக் கதவருகே எனக்குப் பதிலாக நிற்க ஓர் ஆள்.

பெண்ணை நானும் என் தங்கையும் அவளுடைய சித்தி வீட்டில்தான் பார்த்தோம். தேநீர்த் தட்டோடு வந்தாள். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்கிறது. அவள் அப்பா அன்று ஊரில் இல்லை. எங்கள் தெருவுக்கு வந்து அக்கம்பக்கம் விசாரிப்பார் என்று தெரியும். எந்தத் தகப்பனும் செய்வதுதானே. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கல்யாணத்தைக் கெடுத்த பாவத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள எங்கள் தெருவில் ஒருவரும் துணிய மாட்டார்கள்.

அவர் வந்த காலையில் நான் ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர், ரொட்டி சுடுகிற யதுல்லாவிடம் போய், "ஷஹ்பாஸி வீட்டுப் பையன் ஹூமன் எப்படிங்க?" என்று கேட்டார்.

யதுல்லாவின் கண் என் பக்கம் வந்து போனது. சொந்த மோட்டார் சைக்கிளை ஹூமனிடம் பறிகொடுத்த மனிதர் அவர். "தங்கமான பையன். தங்கமான குடும்பம்," என்று சொல்லிவிட்டு அடுப்பை நோக்கிக் குனிந்துகொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அந்த மனிதருக்கோ அது போதவில்லை. வரிசையில் வயதானவளாகத் தெரிந்த என்னிடம் வந்தார்.

"ஹாஜ் கானும், நீங்க இந்தத் தெருதானே? அந்த வீட்டைத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா அந்தப் பையனுக்குக் குடுப்பீங்களா?"

குடுப்பேன் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அல்லா மேல் ஆணையாக வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிக்கிற முகம் குளியலறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"குடுக்க மாட்டேன்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் அவங்க மேல என்ன வயித்தெரிச்சல்?"

"நான்தான் அவனைப் பெத்தவ."

அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். பிறகு திரும்பி நடந்தார். யதுல்லா என் ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

வீட்டில் ஹூமன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "பொண்ணு வீட்ல இருந்து சேதி வந்துச்சாம்மா?"

"வராது." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வேறு யார் மேலாவது பழியைப் போட்டிருக்கலாம், தோன்றவில்லை.

"யதுல்லாவே நல்லவன்னு சொல்லியிருக்கான். நான் தொடாமத்தானே இருக்கேன்?"

"இருக்கே."

"அப்புறம்?"

"நாளைக்கும் இருப்பேன்னு உன்னால சொல்ல முடியுமா?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "எவளும் என்கூட இருக்கக் கூடாதுன்னா, நீ மட்டும் ஏம்மா இருக்கே?" என்றான்.

"உன்னைப் பெறுறதுக்கு முன்னாடி எனக்கு யாரும் விசாரிச்சுச் சொல்லலையேடா."

அந்த வாயை நான் அடக்கியிருக்க வேண்டும். அவன் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். பாதி தேய்த்த சட்டையையே மாட்டிக்கொண்டு வெளியே போனான். தொலைபேசியை எடுத்து அஷ்ரஃப் கானுமைக் கூப்பிட்டேன்.

"வந்து என் பக்கத்துல உக்காரு," என்றேன். "நான் செஞ்சது சரின்னு மட்டும் சொல்லிடாதே."