மீசையும் தோடும்

என் கை ராசியான கை. இதை நான் சொல்லவில்லை, எங்கள் சந்து சொல்கிறது. நேப்பிள்ஸின் மேட்டுப் பக்கத்தில், எதிர்வீட்டுக்காரி குழம்புக்கு உப்புப் போட்டாளா இல்லையா என்பது ஜன்னல் வழியே தெரிந்துவிடும் அளவுக்கு ஒடுக்கமான சந்து. அங்கே பிள்ளை பிறந்தால் முதலில் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வாங்கி நெஞ்சோடு அணைத்து, நெற்றியில் முத்தம் வைத்துத் திருப்பித் தருவேன். இதுவரை நாற்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒருத்தன் போலீஸ்காரனாகிவிட்டான். அதற்கு நான் பொறுப்பில்லை.

என்னைப் போன்றவர்களை எங்கள் ஊரில் ஃபெம்மினியெல்லோ என்பார்கள். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்துகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடித்தனத்தில் சண்டை கிடையாது. எனக்கு மீசையும் உண்டு, தோடும் உண்டு. மீசை அப்பாவிடமிருந்து வந்தது. பவளத் தோடு அம்மா போட்டிருந்தது. பெயர் நூன்சி. ஆண்கள் "வாடா நூன்சி" என்பார்கள், பெண்கள் "வாடி நூன்சி" என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். தொழில், துணி தேய்ப்பது. தெருவைப் பார்த்துத் திறக்கிற ஒற்றை அறை, அதில் இஸ்திரி மேசை, கட்டில், மாதா படம்.

என் அண்ணன் சபத்தீனோ சந்து முனையில் காபிக்கடை வைத்திருக்கிறான். அவன் மகள் லொரேதானாதான் நான் தூக்கிய முதல் பிள்ளை. காரியம் ஆகவேண்டுமென்றால் என்னைச் சித்தப்பா என்பாள், அழவேண்டுமென்றால் அத்தை என்பாள். போன அக்டோபரில் அவளுக்கும் ஒரு பெண் பிறந்தது. தூக்கி முத்தம் வைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"வச்சிக்கோங்க அத்தை. ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் நிக்கணும். நீங்க மட்டும்."

"ராசிக்கா?"

"ராசிக்கு ஊர்ல எல்லாருக்கும் நிக்கறீங்க. இவளுக்குச் சொந்தமா நில்லுங்க."

அத்தை என்று கூப்பிட்டவள் அழவில்லை. நான்தான் அழுதேன். நாற்பத்தொரு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட என் பெயர் கோயில் புத்தகத்தில் இல்லை. காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்லமாட்டார்கள், விருந்து என்றால் அடுப்பங்கரைப் பக்கம் நாற்காலி போடுவார்கள். இந்த ஒரு பிள்ளைக்காவது நான் உறவாக வேண்டும், இந்த முகத்தோடேயே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பங்குச் சாமி தொன் ஒத்தாவியோவைப் போய்ப் பார்த்தேன். அவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சடித்த இரண்டு வரி. மேலே ஞானத்தகப்பன், கீழே ஞானத்தாய்.

"சட்டம் சுலபம். ஒருத்தர் நிக்கலாம். இல்ல ரெண்டு பேர் நிக்கலாம், ஒரு ஆணு ஒரு பொண்ணு. அதுக்கு மேல கெடையாது."

"நான் ஒருத்தர்தான் சாமி."

"சரி, எதுவா வர்றே? மீசையை எடு, கீழ எழுதிக்கறேன். தோட்டைக் கழட்டு, மேல எழுதிக்கறேன். எனக்கு எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணை எடுத்துட்டு வா."

அவர் கெட்டவர் இல்லை. ரொட்டியை நறுக்கித் தரவா, முழுசாகத் தரவா என்று கடைக்காரன் கேட்பதுபோலத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, அண்ணன் தன் கையாலேயே காபி கொண்டுவந்தான். கேட்காமல் அவன் காபி கொண்டுவந்தால் பின்னால் ஒரு விஷயம் வருகிறது என்று அர்த்தம்.

"லொரேதானா சின்னப் பொண்ணு. அவ கேட்டா நீயும் தலையாட்டிடுவியா?"

"ஆட்டினேன்."

"அவெல்லினோவுலேருந்து சம்பந்தி வீட்டாளுங்க வராங்க. அந்தம்மா எல்விரா கையுறை போட்டுக்கிட்டுத்தான் கையே குடுக்கும். அப்பா கோட்டு உன்கிட்டதானே இருக்கு? அதைப் போடு, தோட்டைக் கழட்டு, அரை மணி நேரம் ஆம்பளையா நில்லு. போதும்."

"கழட்டலன்னா?"

"அவங்க வீட்டு அல்ஃபோன்சோ, மாப்பிள்ளையோட தம்பி, நிப்பான். சொல்லி வச்சிட்டேன்." பிறகு சமாதானமாகச் சொன்னான். "உனக்கு என்ன கொறை நூன்சி? பொறந்ததும் உன் கையிலதானே குடுத்தோம்? அந்த மரியாதையை யாராவது எடுத்தாங்களா?"

காபியைத் தொடவில்லை. அது ஆடை கட்டி ஆறிப்போகும்வரை அடுத்தவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கிளம்பிப் போனான்.

எட்டாம் தேதி அமலோற்பவ மாதா திருநாள். அன்றைக்குத்தான் எங்கள் சந்தில், எண் எடுத்து அட்டையில் அடையாளம் வைக்கிற தொம்போலா ஆட்டம் தொடங்கும், கிறிஸ்துமஸ் முடியும்வரை நடக்கும். தொண்ணூறு எண்கள் ஒரு கூடையில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. இருபத்திரண்டு பைத்தியம், எண்பத்துநாலு கோயில், தொண்ணூறு பயம். நான் ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, யாரும் வீட்டில் சொல்லமுடியாத கதையாக்குவேன். பெண்கள் மட்டும் உள்ளே. ஆண்கள் வாசற்படியோடு சரி. எண் எடுப்பது என்னைப் போன்ற ஆள்தான். வேறு யார் எடுத்தாலும் அது தொம்போலா இல்லை.

அன்று மாலை இருபது பெண்கள் அட்டையோடும், அடையாளம் வைக்கக் காய்ந்த மொச்சையோடும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

நிறைமாதக்காரி தித்தீனா முதல் ஆளாகக் கேட்டாள். "ஏண்டி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. கையைத்தான் கட்டி வச்சிருக்கேன்."

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. அதை அடக்கவும் இல்லை.

"கோயில் புத்தகத்துல என் பேரு ஏறுற வரைக்கும் இந்தக் கை பிள்ளை தூக்காது, லாட்டரிச் சீட்டைத் தொடாது, எண் எடுக்காது. துணி மட்டும் தேய்க்கும். ராசிக்கு நான் வேணும், உறவுக்கு வேற ஆளுன்னா, ராசியையும் அவெல்லினோவுலேருந்தே வரவழைச்சிக்கோங்க."

"எங்க மேல ஏண்டி கோவம்? நாங்க என்ன பண்ணோம்?" என்றாள் தித்தீனா.

"ஒண்ணும் பண்ணல. அதான் கோவம்."

அவள் சளைத்தவள் இல்லை. கூடையைப் பிடுங்கித் தானே எண் எடுத்தாள். "முப்பத்தி நாலு. ஏழு. அம்பத்தி ஒண்ணு." பஸ்ஸில் நிறுத்தம் சொல்வதுபோல இருந்தது. கால் மணி நேரத்தில் ஒவ்வொருத்தியாக மொச்சையை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்த நாட்களில் சந்துக்குள் என்னென்னவோ நடந்தது. ஒருத்தி படியில் வழுக்கி விழுந்தாள், ஒருவனுக்குப் பல் வலி, நேப்பிள்ஸ் அணி சொந்த மைதானத்தில் தோற்றது. எல்லாம் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் இந்த முறை எல்லாவற்றுக்கும் என் வாசலைப் பார்த்தார்கள். அண்ணனுக்கும் உறுத்தல்தான். சனிக்கிழமை லாட்டரிக் குலுக்கலுக்கு முன்னால், ராசிக்காகச் சீட்டை என் கையில் தேய்த்துக்கொண்டு போகிற முதல் ஆள் அவன். அந்தச் சனிக்கிழமை வாசல்வரை வந்து, சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினான்.

பன்னிரண்டாம் தேதி தித்தீனாவுக்குப் பையன் பிறந்தான். மூன்றாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள்.

"தூக்குடி."

"மாட்டேன்."

"பச்ச மண்ணுடி இது. என் மேல கோவம்னா என்னை அடி."

குழந்தை கொட்டாவி விட்டது. என் இரண்டு கையும் தானாக முன்னால் போகப் பார்த்தது. இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் முதல்ல தூக்கறது இவனைத்தான். இப்ப தூக்கினா, இவன் வளந்ததும் இவனும் சீட்டு தேய்க்கத்தான் எங்கிட்ட வருவான்."

தித்தீனா என்னைத் திட்டவில்லை. குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு நடந்தாள். போகும் வழியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாளாம். சாமி வீட்டு வாசலில் போய் நிற்கும்போது பதினெட்டுப் பெண்கள், ஏழு கைக்குழந்தைகள்.

"மீசையை எடுக்கணும்னு எந்த வேதத்துல இருக்கு சாமி?"

"வேதத்துல இல்லம்மா. எந்த வரியில எழுதறதுன்னுதான் கேட்டேன்."

"அதை எழுதறப்ப பாத்துக்கலாம். நிக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க."

ஏழு குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுததாகத் தித்தீனா சொன்னாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். எப்படியோ, சாமி சொல்லி அனுப்பினார்: யாரை நிறுத்துவது என்பது பெற்றவர்கள் பாடு, அவர்கள் யாரைக் கூட்டிவந்தாலும் தண்ணீர் ஊற்றுவேன். அல்ஃபோன்சோ வருவதில் மாற்றமில்லை என்று அண்ணன் பதிலுக்குச் சொல்லி அனுப்பினான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. அப்பாவின் கறுப்புக் கோட்டைத் தேய்த்தேன். என் சாம்பல் நிறப் பாவாடையைத் தேய்த்தேன். மீசையைச் சீவினேன், உதட்டுக்குச் சாயம் இட்டேன், தோட்டை மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். நான்தான் இருந்தேன்.

கோயில் வாசலில் அண்ணன் குறுக்கே நின்றான். கையில் ஒரு டை. அவனுக்குப் பின்னால் சம்பந்தியம்மா எல்விரா கையுறையோடு, பக்கத்தில் புது சூட்டில் அல்ஃபோன்சோ.

"கழட்டு நூன்சி," என்றான் தாழ்ந்த குரலில். "உன் காலைப் பிடிக்கறேன். அரை மணி நேரம்."

"அண்ணே, லொரேதானா பொறந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"அதை ஏன் இப்ப இழுக்கற?"

"எட்டாம் மாசம், நீலம் பாரிச்சுக் கெடந்தா, அழல. மருத்துவச்சி, முடிஞ்சுதுன்னு சிலுவை போட்டுட்டா. நீ துண்டுல சுத்தி எடுத்துட்டு ஓடி வந்து என் கையில போட்ட. தோட்டைக் கழட்டிட்டு வாங்குன்னு சொன்னியா?"

"உன் கை ராசி அவளைக் காப்பாத்திச்சு. இல்லன்னா சொன்னேன்?"

"ராசி இல்லடா அது." அண்ணனை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை. "இஸ்திரிப் பெட்டியில துண்டைச் சூடு பண்ணிச் சூடு பண்ணிச் சுத்தினேன். ஒரு மணி நேரம் நெஞ்சைத் தேச்சேன். கையில கொப்புளம். எதுக்கு? அவ எனக்குச் சொந்தம், விட மனசில்ல. ராசின்னு ஊருக்குச் சொன்னது நீ."

டை அவன் கையில் தொங்கியது. அந்த நேரம் லொரேதானா குழந்தையோடு வந்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. இப்போதுதான் கேட்டிருக்கிறாள், முகத்தில் தெரிந்தது. வாயில்லாப் பூச்சியான அவள் புருஷன், தன் அம்மா எல்விராவைப் பார்க்காமலேயே, சரியென்று தலையை ஆட்டினான். அவள் குழந்தையை என் கையில் வைத்தாள்.

"போலாம், சித்தப்பா," என்றாள். கண்ணில் தண்ணீர். இப்படிக் கலந்து அவள் கூப்பிட்டதே இல்லை.

ஞானஸ்நானத் தொட்டியருகே சாமி, "ஞானப் பொறுப்பு யார்?" என்று கேட்டபோது, அல்ஃபோன்சோ, அண்ணன் சொல்லி வைத்திருந்த ஞாபகத்தில், ஒரு அடி எடுத்து வைத்தான். சந்துப் பெண்கள் மூன்று பெஞ்சும் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒன்றாக அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எடுத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "நான்," என்றேன். தண்ணீர் ஊற்றினார். குழந்தை வீறிட்டது. நல்ல குரல்.

முடிந்து புத்தக அறைக்குப் போகும்போது, யாரோ என் கோட்டைத் தொட்டார்கள். எல்விரா. கையுறையைக் கழற்றியிருந்தாள். விரல்களுக்கு நடுவில் மடித்த லாட்டரிச் சீட்டு.

"லேசாத் தொட்டுக் குடுத்தீங்கன்னா போதும்," என்றாள், பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி.

"இன்னிக்கு முடியாது சம்பந்தி. இன்னிக்கு நான் ராசி இல்ல, சொந்தம். வேணும்னா திங்கக்கிழமை வாங்க, சட்டை இருந்தாலும் கொண்டாங்க, தேச்சுத் தரேன்."

சாமி புத்தகத்தைத் திறந்து வைத்து, பேனாவை நீட்டி, என்னையே பார்த்தார். அச்சடித்த இரண்டு வரிகள். நான் பேனாவை வாங்கி, மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரியைத் தொடும்படி, இரண்டையும் அடைத்துக்கொண்டு, ஒரே பெயராகப் பெரிதாக எழுதினேன்.

சாமி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன நூன்சி இது?"

"ஒரு ஆணு, ஒரு பொண்ணு, அதுக்கு மேல கெடையாதுன்னீங்க. மேல போகலையே சாமி."

அவர் கொஞ்ச நேரம் எழுத்தைப் பார்த்தார். பிறகு மை ஒற்றும் தாளை எடுத்து, அதன் மேல் வைத்து அழுத்தினார்.

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தான். கட்டைவிரலுக்குக் கீழே அந்தப் பழைய தழும்பு இன்னும் இருந்தது. டையைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"வெளிய தித்தீனா பிள்ளையோட நிக்கறா," என்றான். "சீக்கிரம் வா. விருந்துல உனக்கு எம் பக்கத்துல நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."